நார்ச்சத்து 13 கிராமிலிருந்து 54 கிராம் ஆகிவிட்டது. எடை குறையாமல் கூடுகிறது. தப்பு எங்கே?

தராசு78:

வணக்கம் நண்பர்களே. எடையைக் குறைப்பதற்காக நார்ச்சத்தைக் கூட்டி மூன்று வாரம் ஆகிறது. விவரத்தை எண்களோடு தருகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

வயது 41, உயரம் 162 செ.மீ., எடை 78 கிலோ, உட்கார்ந்து செய்யும் வேலை.

முன்பு ஒரு நாள் சாப்பாடு: காலையில் வெள்ளை பிரெட் 3 துண்டு, முட்டை, ஒரு வாழைப்பழம். மதியம் வெந்த சோறு 250 கிராம், காய் 100 கிராம், ஒரு துண்டு மீன் அல்லது கோழி. மாலை பிஸ்கட் 40 கிராம். இரவு வெள்ளை பாஸ்தா, வெந்த எடையில் 200 கிராம். நார்ச்சத்து மொத்தமே 13 கிராம்தான் வந்தது.

இதில் எதையும் மாற்றாமல் மேற்கொண்டு சேர்த்தவை: காலையில் கோதுமைத் தவிட்டு சீரியல் 40 கிராம் (11 கிராம் நார்), நார்ச்சத்து பார் இரண்டு (ஒன்றுக்கு 9 கிராம் என்று உறையில் போட்டிருக்கிறது), சியா விதை 25 கிராம், படுக்கும் முன் இசப்கோல் ஒரு டீஸ்பூன். கூட்டிப் பார்த்தால் 54 கிராம் வருகிறது.

எடை 800 கிராம் கூடியிருக்கிறது. மதியத்துக்கு மேல் வயிறு உப்பி, இடுப்புப் பட்டி இறுக்குகிறது. மலம் இளகும் என்று நினைத்தால் முன்பைவிடக் கெட்டி. தண்ணீர் ஒன்றரை லிட்டர் குடிக்கிறேன்.

கேள்வி இதுதான்: இது உடம்பு பழகும்வரை இருக்கும் தொந்தரவா, நான் செய்யும் முறையே தப்பா? எடை குறைய உண்மையில் எத்தனை கிராம் வேண்டும்?

தட்டுக்கணக்கு:

முறையில்தான் தப்பு. உங்கள் கணக்கில் கூட்டல் மட்டும் இருக்கிறது, கழித்தல் இல்லை.

நீங்கள் சேர்த்ததை நாராகப் பார்க்காமல் கலோரியாகப் பாருங்கள். தவிட்டு சீரியல் 40 கிராம் சுமார் 130. பார் இரண்டும் சேர்ந்து 280 அளவில் இருக்கும், உறையைத் திருப்பிப் பாருங்கள். சியா 25 கிராம் 120. ஒரு நாளைக்கு 530 கலோரி மேல்வரவு. பழைய சாப்பாட்டில் ஒரு பிஸ்கட்கூடக் குறையவில்லை. நார்ச்சத்துக்குக் கொழுப்பைக் கரைக்கும் சக்தி எதுவும் கிடையாது. குறைந்த கலோரியில் வயிற்றை நிறைத்து, அடுத்த வேளை வரை பசியைத் தள்ளிப்போடுவதுதான் அதன் வேலை. நிறைந்த வயிறு எதையாவது ஒதுக்கினால்தான் எடை குறையும். உங்கள் விஷயத்தில் அந்த ஒதுக்கல் நடக்க இடமே இல்லை.

கூடிய 800 கிராமும் கொழுப்பு என்று பயப்பட வேண்டாம். கோதுமைத் தவிட்டில் உள்ள நார் ஒவ்வொரு கிராமும் மலத்தின் எடையைச் சுமார் 5 கிராம் கூட்டும். குடலுக்குள் இரண்டு மூன்று நாள் சரக்கு எப்போதும் இருக்கும். அது கெட்டியாகித் தேங்கினால் இன்னும் கூடும். ஆகவே சில நூறு கிராம் வெறும் குடல் எடை. மிச்சம் அந்த 530 கலோரியின் வரவு.

எத்தனை கிராம் என்ற கேள்விக்கு: 1000 கலோரிக்கு 14 கிராம் என்பது அமெரிக்காவில் புழங்கும் கணக்கு. அதன்படி 50 வயது வரை பெண்களுக்கு 25, ஆண்களுக்கு 38. பிரிட்டன் 2015-இல் பெரியவர்கள் எல்லோருக்கும் 30 என்று வைத்தது. உலக சுகாதார நிறுவனம் 2023-இல் பெரியவர்களுக்குக் குறைந்தது 25 என்றது; அதுவும் உணவில் இயற்கையாக இருக்கும் நார் என்று குறிப்பிட்டுச் சொன்னது. அந்தக் குறிப்புதான் உங்களுக்கு முக்கியம். 54-ஐத் துரத்த வேண்டியதில்லை. 28 முதல் 32 வரை, முழுக்க உணவிலிருந்தே வரட்டும்.

இப்போது உங்கள் பழைய தட்டையே எடுத்துக்கொண்டு மாற்றிப் பார்ப்போம். முட்டை, மீன், கோழி அப்படியே இருக்கட்டும், அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை.

காலை: பிரெட்டுக்குப் பதில் உலர்ந்த ஓட்ஸ் 40 கிராம், 240 மில்லி தண்ணீரில் வேகவைத்தது. நார் 4 கிராம், 150 கலோரி. வாழைப்பழம் இருக்கட்டும், அதில் 3 கிராம்.

மதியம்: சோறு 250-லிருந்து 150 கிராம். எடுத்த 100 கிராமின் இடத்தில் கெட்டியாக வெந்த பருப்பு 100 கிராம். கலோரி ஏறக்குறைய சமம் (சோறு 130, பருப்பு 115), நாரோ அரை கிராமுக்குப் பதில் கிட்டத்தட்ட 8 கிராம். இந்த முழு மாற்றத்தில் அதிகம் தருவது இந்த ஒரு வரிதான். காய் 150 கிராம், 4 கிராம் நார்.

மாலை: பிஸ்கட் போய், தோலோடு ஒரு ஆப்பிள். நார் 4 கிராம், 95 கலோரி. பிஸ்கட்டில் 200 கலோரி இருந்தது.

இரவு: பாஸ்தா 120 கிராம், அதோடு காய் 200 கிராம். இரண்டும் சேர்ந்து 7 கிராம்.

நார் மொத்தம் 30-ஐ ஒட்டி வரும். பழைய தட்டில் இந்தப் பண்டங்களின் கலோரி சுமார் 1175, புதிய தட்டில் 960. ஆனால் எடை போட்டுப் பார்த்தால் பழைய சாப்பாடு 800 கிராம்கூட இல்லை, புதியது 1300 கிராம். அரை கிலோ அதிகமாகச் சாப்பிட்டு 200 கலோரிக்கு மேல் குறைத்திருக்கிறீர்கள். பசி அடங்குவது அந்த அரை கிலோவினால்.

எதிர்பார்ப்பையும் சொல்லிவிடுகிறேன். 215 கலோரி குறைவு என்றால் ஆரம்பத்தில் வாரத்துக்கு 200 கிராம் குறையும், பிறகு வேகம் இன்னும் தணியும். அதற்கு மேல் வேண்டுமென்றால் எண்ணெய், இனிப்பு, நடை இவற்றில்தான் கை வைக்க வேண்டும். நாரை மேலும் ஏற்றிப் பயனில்லை.

ஊறவைத்தபயறு:

தட்டுக்கணக்கு சொன்ன தட்டுக்கு ஒரே நாளில் தாவிவிடாதீர்கள். உப்புசமும் கெட்டி மலமும் ஏன் வந்தன என்று தெரிந்துகொண்டால் அடுத்த தடவை வராது.

உப்புசத்துக்கு முதல் காரணம் அந்த பார். உறையில் சிக்கரி வேர் நார், இனுலின் என்று இருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் அதுதான் இருக்கும். இனுலின் பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள நுண்ணுயிரிகள் வேகமாக நொதிக்க வைக்கின்றன. ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் சேர்கின்றன. ஒரே வேளையில் 10 கிராம் தாண்டினாலே பலருக்கு வயிறு உப்பும். உங்களுக்கு நாளைக்கு 18 போகிறது. இதில் பழக்கப்படுத்த வேண்டியது எதுவும் இல்லை, இன்றே நிறுத்தலாம். நாரைக் குறைப்பதற்குப் படிப்படி தேவையில்லை, ஏற்றும்போதுதான் படி வேண்டும்.

கெட்டி மலத்துக்குக் காரணம் வேறு. தவிடு, சியா, இசப்கோல் மூன்றும் தண்ணீர் கேட்கும் பண்டங்கள். சியா தன் எடையைப்போல் பத்து மடங்கு நீரை இழுக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம். மூன்றையும் ஒரே வாரத்தில் ஏற்றி, தண்ணீரை அதே ஒன்றரை லிட்டரில் நிறுத்தினால் குடலில் ஈரமான குவியல் உருவாகாது, பிசைந்த மாவு காய்ந்ததுபோல் ஒன்று உருவாகும். இரண்டு முதல் இரண்டேகால் லிட்டர் வரை போங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். இதயம், சிறுநீரகத் தொந்தரவுக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்காமல் கூட்ட வேண்டாம்.

தவிட்டைப் பற்றி ஒன்று. கரடுமுரடான தவிடு குடல் சுவரை உரசி நீரையும் சளியையும் சுரக்க வைப்பதால் மலத்தை நகர்த்தும். மாவாக அரைத்த தவிட்டுக்கு அந்தக் குணம் இல்லை. சிலருக்கு அது மலத்தை இன்னும் கெட்டியாக்கும். உங்கள் சீரியல் எந்த ரகம் என்று விரலால் நசுக்கிப் பாருங்கள்.

ஏற்றும் வேகம்: வாரத்துக்கு 5 கிராம், அதற்கு மேல் வேண்டாம். முதல் வாரம் காலை ஓட்ஸும் மாலை ஆப்பிளும். இரண்டாம் வாரம் பருப்பு 50 கிராம், மூன்றாம் வாரம் 100. நான்காம் வாரம் இரவுக் காய். உப்புசம் வந்தால் ஒரு படி கீழே இறங்கி ஒரு வாரம் நில்லுங்கள், முழுதாக விட்டுவிட வேண்டாம்.

பருப்பு, பயறு, பீன்ஸ் வகையில் வாயு தருவது ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள். நம் சிறுகுடலில் அவற்றை உடைக்கும் நொதி இல்லை. அவை தண்ணீரில் கரையும் என்பதால் வழி எளிது: முழுப் பயறு, கொண்டைக்கடலை, பீன்ஸ் வகைகளை 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். விரலும் கட்டைவிரலும் சேர்த்து அழுத்தினால் தோலோடு மசிய வேண்டும், நடுவில் வெள்ளையாகக் கடினம் தெரிந்தால் இன்னும் வேகவில்லை. டப்பாவில் வருவதை வடிகட்டியில் கொட்டி நன்றாக அலசினால் உப்பும் குறையும், வாயுவும் குறையும். தோல் நீக்கி உடைத்த பருப்பில் தொந்தரவு குறைவு, ஆரம்பிக்க அதுவே நல்லது.

சிவப்பு ராஜ்மா பீன்ஸில் மட்டும் கவனம். பைட்டோஹீமாக்ளுட்டினின் என்ற நச்சு அதில் உண்டு, அரைவேக்காட்டில் சாப்பிட்டால் சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் பேதியும் வரும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, நீரை மாற்றி, தளதளவென்று 30 நிமிடம் கொதிக்க வேண்டும். மெதுவாக வேகவைக்கும் மின்பாத்திரத்தில் பச்சையாகப் போடவே கூடாது, அதில் சூடு போதுமான அளவு ஏறாமல் போகும்.

இரவுநடை:

பார், விதை எதுவும் வேண்டாம், சோற்றையும் உருளைக்கிழங்கையும் வேகவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் ஒரு இரவு வைத்துச் சாப்பிட்டால் மாவுச்சத்தே நாராக மாறிவிடும் என்கிறார்களே, அது போதாதா? சோற்றைக் குறைக்கவே தேவையிருக்காதே.

முழுப்பழம்:

இரவுநடை, மாறுவது உண்மை, அளவுதான் மிகச் சிறிது. 2015-இல் வந்த ஒரு ஆய்வில், அப்போது வடித்த வெள்ளைச் சோற்றில் செரிக்காத மாவுச்சத்து 100 கிராமுக்கு 0.64 கிராம் இருந்தது. 24 மணி நேரம் குளிரவைத்து மறுபடி சூடாக்கியதில் 1.65 கிராம். 250 கிராம் சோற்றுக்கு இரண்டரை கிராம் கூடுகிறது, அவ்வளவே. சோற்றின் கலோரி கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. சர்க்கரை ஏறும் வேகம் கொஞ்சம் மட்டுப்படும், எடைக்கு இதை நம்ப முடியாது. செய்வதானால் வடித்த இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டிக்குள் போய்விட வேண்டும். வெளியில் கிடந்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி உண்டாக்கும் நச்சு சூடாக்கினாலும் போகாது.

தராசு78, உங்கள் மூலக் கேள்விக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. பொடியாக, பாராக, பானத்தில் கலந்ததாக வரும் நாரும், ஆப்பிளுக்குள் இருக்கும் நாரும் உறையில் ஒரே எண்ணாகத் தெரியும். வயிற்றில் ஒன்றல்ல.

2009-இல் ஒரு சோதனை நடந்தது. மதிய உணவுக்கு 15 நிமிடம் முன்னால் ஒரு நாள் முழு ஆப்பிள், ஒரு நாள் ஆப்பிள் கூழ், ஒரு நாள் சாறு, ஒரு நாள் அதே சாற்றில் நாரைக் கலந்து கொடுத்தார்கள், எல்லாம் ஒரே கலோரியில். முழு ஆப்பிள் தின்ற நாளில், அந்த ஆப்பிளையும் கணக்கில் சேர்த்த பிறகும், எதுவும் தராத நாளைவிட 15 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டார்கள். நார் கலந்த சாறு வெறும் சாற்றைவிட எந்த விதத்திலும் மேலாக இல்லை. காரணம் வாயிலேயே தொடங்குகிறது. 1977-இல் செய்த பழைய சோதனையில் ஒரே அளவு ஆப்பிளை முழுதாகத் தின்ன 17 நிமிடம், கூழாக 6 நிமிடம், சாறாக ஒன்றரை நிமிடம் ஆனது. மென்று விழுங்கும் அந்த நேரத்தில்தான் வயிறு விரிகிறது, போதும் என்ற தகவல் மேலே போகிறது.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 2019-இல் வெளியிட்டது இன்னும் தெளிவு. இருபது பேருக்கு இரண்டு வாரம் ஆலைப்பதனம் மிகுந்த (ஆலையில் பலமாகப் பக்குவப்படுத்திய) உணவு, இரண்டு வாரம் எளிய பதனத்து உணவு. பரிமாறிய நாரின் அளவு இரண்டிலும் சமம். ஆலை உணவில் நார் குறைவு என்பதால் பானத்தில் கலந்து சமன் செய்தார்கள். அப்படியும் ஆலை உணவு வாரங்களில் நாளைக்குச் சுமார் 500 கலோரி அதிகமாகச் சாப்பிட்டு 0.9 கிலோ கூடினார்கள். மற்ற வாரங்களில் அதே அளவு குறைந்தார்கள். நார் எண்ணிக்கை சமமாக இருந்தும் சாப்பாட்டின் உருவம் ஜெயித்தது. உங்கள் 54 கிராமில் 41 கிராம் அந்தப் பானத்தில் கலந்த நாரைப்போலத்தான்.

அப்படியானால் உணவில் நாரைக் கூட்டினால் மட்டும் போதுமா என்றால், ஓரளவு. 2015-இல் 240 பேரிடம் ஒரு வருடம் நடந்த சோதனையில் ஒரு குழுவுக்கு நாளைக்கு 30 கிராம் நார் என்ற ஒரே விதி, இன்னொரு குழுவுக்குப் பல விதிகள் கொண்ட முழு உணவுத் திட்டம். முதல் குழு 2.1 கிலோவும் இரண்டாவது 2.7 கிலோவும் குறைந்தன. ஒரே ஒரு விதியை நினைவில் வைப்பவருக்கு 2.1 கிலோ மோசமில்லை என்பது என் கருத்து. ஆனால் குழகுழப்பான நார்ப்பொருட்களை (இசப்கோல், ஓட்ஸின் பீட்டா குளுக்கான் போன்றவை) சாப்பாட்டோடு சும்மா சேர்த்துப் பார்த்த 62 சோதனைகளை 2020-இல் தொகுத்தபோது சராசரி எடைக் குறைவு 0.33 கிலோதான்.

கடையில் வாங்கும்போது பார்க்க வேண்டியது: பிரெட், சீரியல் உறையில் மொத்த மாவுச்சத்தை (கார்போஹைட்ரேட்) நாரால் வகுங்கள். 10 அல்லது அதற்குக் கீழே வந்தால் எடுக்கலாம். அமெரிக்க முறை உறையில் மாவுச்சத்து எண்ணுக்குள்ளேயே நார் அடங்கும், ஐரோப்பிய முறையில் நார் தனி வரி. ஐரோப்பிய உறையானால் நாரையும் மாவுச்சத்தையும் கூட்டிவிட்டு வகுக்க வேண்டும். பழுப்பு நிறத்தை நம்பாதீர்கள், அது கேரமல் நிறமாகவும் இருக்கும். பொருள் பட்டியலில் முதல் சொல் "முழு கோதுமை" என்று இருக்க வேண்டும். "பல தானியம்" என்று மட்டும் போட்டிருந்தால் அதற்குள் எல்லாமே தவிடு நீக்கிய மாவாகவும் இருக்கலாம்.

தராசு78:

மூவருக்கும் நன்றி. பார் உறையைப் பார்த்தேன், முதல் பொருளே சிக்கரி வேர் நார்தான். ஒன்று 145 கலோரி. இன்றோடு நிறுத்திவிட்டேன்.

விட்டுப்போன இரண்டு விவரம். காலை 7 மணிக்கு லெவோதைராக்சின் என்ற தைராய்டு மாத்திரை, 7.15-க்கு அந்தத் தவிட்டு சீரியல், பாலில். இரவு இரும்புச்சத்து மாத்திரையும் இசப்கோலும் ஒன்றாகப் போகின்றன. இதனால் ஏதும் பாதிப்பு உண்டா? இசப்கோலை வைத்துக்கொள்வதா, விடுவதா?

ஊறவைத்தபயறு:

உண்டு. நல்ல வேளை சொன்னீர்கள், உங்கள் பதிவில் எடையைவிட அவசரமானது இதுதான்.

லெவோதைராக்சினைத் தவிட்டு நார் பிடித்து வைத்துக்கொள்ளும், உறிஞ்சல் குறையும். பாலில் உள்ள கால்சியமும் அதையே செய்யும். 15 நிமிட இடைவெளி போதாது. வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும், சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு போட வேண்டிய மாத்திரை அது. 60-ஐ வைத்துக்கொள்ளுங்கள். காபியும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் வேண்டாம். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு இதிலிருந்து 4 மணி நேரம் தள்ளி இடம் வேண்டும்.

மூன்று வாரமாக மாத்திரை சரியாகச் சேராமல் இருந்திருந்தால் மலம் கெட்டியாவதற்கும் எடை ஏறுவதற்கும் அதுவும் கொஞ்சம் காரணமாக இருக்கக்கூடும். மருத்துவரிடம் இந்த நேரக் கணக்கை அப்படியே சொல்லுங்கள். சாப்பாடு ஒரு நிலைக்கு வந்து 6 முதல் 8 வாரம் கழித்து டி.எஸ்.ஹெச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல்வார்கள். அதுவரை மாத்திரையின் அளவில் நீங்களாகக் கை வைக்க வேண்டாம். நார் ஒரு நாள் 10, ஒரு நாள் 40 என்று ஊசலாடினால் மாத்திரை அளவை நிர்ணயிக்கவே முடியாது.

இரும்பு மாத்திரையும் தவிடும் சேரக் கூடாது, தவிட்டில் உள்ள ஃபைட்டேட் இரும்பைக் கட்டிவிடும். இசப்கோலோடும் வேண்டாம். முற்பகல் 11.15 அளவில் ஒரு ஆரஞ்சுப் பழத்தோடு போட முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்; வைட்டமின் சி இரும்பு சேர உதவும், தைராய்டு மாத்திரைக்கும் 4 மணி நேரம் தாண்டியிருக்கும்.

இசப்கோலை விட வேண்டியதில்லை. எடைக்காக எடுப்பதாக நினைக்காதீர்கள், மலத்துக்காக என்று நினையுங்கள். அது குடலில் பெரிதாக நொதிக்காமல், நீரைப் பிடித்த கூழாகவே கடைசி வரை போகிறது. அதனால்தான் வாயு குறைவு, கெட்டி மலத்தை இளக்கவும் பேதியைக் கட்டவும் ஒன்றே உதவுகிறது. எல்.டி.எல். எனும் கெட்ட கொழுப்பும் சற்று இறங்கும்.

எடுக்கும் விதம்: முதல் வாரம் அரை டீஸ்பூன், பிறகு ஒன்று. 250 மில்லி தண்ணீரில் தூவிக் கலக்கி உடனே குடிக்க வேண்டும். இரண்டு நிமிடம் விட்டால் கரண்டி நிற்கும் அளவுக்கு இறுகும், அதை விழுங்குவது சிரமம், ஆபத்தும்கூட. குடித்த பிறகு இன்னொரு அரை டம்ளர் தண்ணீர். உலர்ந்த இசப்கோல் உமியை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம், தொண்டையில் ஊதி அடைத்துக்கொள்ளும். மற்ற எந்த மாத்திரைக்கும் 2 மணி நேரம் தள்ளியே எடுங்கள்.

விழுங்கச் சிரமம் உள்ளவர்கள், குடலில் சுருக்கம் உள்ளவர்கள், இரைப்பை மெதுவாகக் காலியாகும் கோளாறு உள்ளவர்கள், அண்மையில் குடல் அறுவை செய்தவர்கள் இசப்கோலையும் தவிட்டையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. எடை குறைக்கும் ஊசி போடுபவர்களுக்கும் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். அவர்கள் அரை டீஸ்பூனில் தொடங்கி, தண்ணீரைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். யாராக இருந்தாலும் மலத்தில் ரத்தம், முயற்சியில்லாமல் எடை சரிவது, வாந்தியோடு காற்றும் மலமும் போகாமல் வயிறு வீங்குவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நாரை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

தட்டுக்கணக்கு:

சியாவை முழுதாக விலக்க வேண்டாம் என்று நினைத்தால் 10 கிராம், ஓட்ஸோடு சேர்த்து ஊறவிட்டு. சுமார் 50 கலோரி, மூன்றரை கிராம் நார். அதற்கு ஈடாக வாழைப்பழத்தைப் பாதியாக்குங்கள். ஒன்றைச் சேர்த்தால் ஒன்றை எடுக்க வேண்டும் என்ற விதி விதைகளுக்கும் கொட்டைகளுக்கும்தான் அதிகம் பொருந்தும், ஏனென்றால் அவற்றில் நாரோடு எண்ணெயும் வருகிறது. பாதாம் 30 கிராமில் நார் மூன்றே முக்கால் கிராம், கலோரியோ 170-க்கு மேல்.

எடை பார்ப்பது: காலையில் கழிப்பறை போய் வந்த பிறகு, தண்ணீர் குடிக்கும் முன், அதே உடையில். தினமும் குறித்து வைத்து ஏழு நாள் சராசரியை அடுத்த ஏழு நாள் சராசரியோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஒரு நாள் எண்ணை இன்னொரு நாள் எண்ணோடு ஒப்பிட்டால் குடலில் உள்ளதையும் உப்பு பிடித்து வைத்த நீரையும்தான் அளக்கிறீர்கள். பார், தவிடு நின்ற முதல் வாரத்தில் அரை கிலோ சட்டென்று இறங்கலாம். அதைக் கொழுப்பாக எண்ணி, அடுத்த வாரம் இறங்கவில்லையே என்று சாப்பாட்டை வெட்டிவிடாதீர்கள். இரண்டாம் வாரத்துச் சராசரியிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.

இரவு காயை முதலில் சாப்பிட்டு, பிறகு பாஸ்தா. 200 கிராம் காய் முன்னால் போனால் 120 கிராம் பாஸ்தா குறைவாகத் தெரியாது. காயை நீளவாக்கில் பெரிய துண்டாக நறுக்கி, கடித்தால் சற்று எதிர்க்கும் பதத்தில் இறக்குங்கள், குழைய விட வேண்டாம். எண்ணெயை டீஸ்பூனால் அளந்து ஊற்றுங்கள். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் 120 கலோரி. கண்ணளவில் இரண்டு ஊற்றினால் நாள் முழுக்கச் செய்த மாற்றம் அங்கேயே காணாமல் போகும்.

தராசு78:

இப்படி எழுதி வைத்திருக்கிறேன், சரிபாருங்கள். 7.00 தைராய்டு மாத்திரை, தண்ணீர் மட்டும். 8.00 ஓட்ஸ் 40 கிராம், சியா 10, அரை வாழைப்பழம், முட்டை. 11.15 இரும்பு மாத்திரை, ஆரஞ்சு (மருத்துவர் சரி என்றால்). 1.30 சோறு, காய். பருப்பு இரண்டாம் வாரத்திலிருந்து 50, பிறகு 100. 5.00 ஆப்பிள். 8.00 காய் முதலில், பிறகு பாஸ்தா. 10.30 இசப்கோல் பொடி ஒரு டீஸ்பூன், படுக்கை. தண்ணீர் 2.2 லிட்டர்.

ஊறவைத்தபயறு:

முதல் வாரத்துக்குச் சியாவும் வேண்டாம், ஓட்ஸும் ஆப்பிளும் ஏற்கெனவே 8 கிராமுக்கு மேல். பிரெட்டும் பிஸ்கட்டும் போனதைக் கழித்தால் அந்த வாரத்து 5 கிராம் அதிலேயே முடிந்துவிடும். சியா ஐந்தாம் வாரம் வரட்டும்.

கடைசி வரியில் இரண்டு திருத்தம். உங்களிடம் இருப்பது உமியா பொடியா என்று டப்பாவில் பாருங்கள். நான் சொன்ன அளவு உமிக்கு. பொடி நெருக்கமாக அடங்கும், அதே டீஸ்பூனில் எடை கூடுதலாக ஏறும், இறுகுவதும் வேகம். பொடியானால் டப்பாவில் போட்ட கிராம் அளவைச் சமையல் தராசில் நிறுத்து, அதில் பாதியில் தொடங்குங்கள். குடித்ததும் படுக்காதீர்கள், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 9 மணிக்கே குடித்துவிட்டால் படுப்பதற்குள் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். அந்த வேளையில் வேறு மாத்திரை எதுவும் இல்லை என்பதால் 9 மணி தாராளமாகப் பொருந்தும்.